ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சினை வாரன்டியில் மாற்றித் தருவார்களா?

தம்பி கேட்டது சுருக்கமாக இதுதான். கோலாலம்பூரில் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் புதிதாக வாங்கிய இரண்டு கதவு டர்போ ஸ்போர்ட்ஸ் கார். வாங்கி மூன்றரை வருடம் ஆகிறது, ஐந்து வருட வாரன்டி, 31,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. எஞ்சினுக்குள் டக் டக்கென்று அடிக்கிற சத்தம். கராக் நெடுஞ்சாலையில் மேடு ஏறும்போது ஆயில் விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்திருக்கிறது. சர்வீஸ் சென்டர் ஒரு தாளை நீட்டி, "எஞ்சினைப் பிரித்துப் பார்க்க வேண்டும், வாரன்டியில் வராவிட்டால் பிரித்த கூலி உங்களுடையது, கையெழுத்துப் போடுங்கள்" என்கிறது. கூடவே, "செபாங் போயிருக்கிறீர்களா?" என்று அங்குள்ள பந்தயத் தடத்தைக் குறித்தும் கேட்டிருக்கிறார்கள். ஒருமுறை போயிருக்கிறார். புது எஞ்சின் கிடைக்குமா, கையெழுத்துப் போடலாமா, மறுத்தால் எங்கே போவது என்பது கேள்வி.

கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. கையெழுத்தும் போடலாம், ஆனால் அந்தத் தாளில் இப்போது இருக்கிற வாசகத்தின் கீழ் போடாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

நான் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கார் நிறுவனத்தின் வாரன்டிப் பிரிவில் பல வருடம் இருந்தவன். கவுன்டரில் உங்களிடம் பேசுகிற சர்வீஸ் அட்வைசருக்கு எஞ்சின் கொடுக்கவும் அதிகாரம் இல்லை, மறுக்கவும் அதிகாரம் இல்லை. சென்சார், வாட்டர் பம்ப் மாதிரி சாமான் என்றால் ஒர்க்‌ஷாப் மாற்றிவிட்டு அப்புறம் நிறுவனத்திடம் கணக்குக் கேட்கும். எஞ்சின் விலை அப்படியில்லை. முதலில் விநியோகஸ்தரின் தொழில்நுட்பப் பிரிவு, அங்கிருந்து வட்டார அலுவலகம், பல சமயம் தொழிற்சாலையே என்று கோப்பு மேலே போகும். முடிவு எடுக்கிறவர் உங்கள் காரைப் பார்க்கப் போவதில்லை, அந்த டக் டக் சத்தத்தைக் கேட்கப் போவதும் இல்லை. அவர் முன்னால் இருப்பது ஜாப் கார்டு (காரை விடும்போது எழுதும் வேலைத் தாள்), சர்வீஸ் வரலாறு, பிரித்த பாகங்களின் படங்கள், கணினியிலிருந்து எடுத்த பதிவு, ஒர்க்‌ஷாப் எழுதிய ஒரு பத்தி கருத்து. இவ்வளவுதான். ஆகவே கவுன்டரில் மேசையைத் தட்டிச் சண்டை போடுவதில் பிரயோஜனம் கம்மி. அந்தக் கோப்புக்குள் என்ன போகிறது என்பதைக் கவனியுங்கள்.

ஜாப் கார்டிலிருந்து தொடங்குவோம். அதில் 'வாடிக்கையாளர் சொன்ன குறை' என்று ஒரு பகுதி இருக்கும். அவசரத்தில் 'எஞ்சின் சத்தம், செக் செய்யவும்' என்று எழுதிவிடுவார்கள். அதை அப்படியே விடாதீர்கள். சத்தம் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா சூடான பிறகா, எத்தனை ஆர்.பி.எம்.மில் வருகிறது, ஆயில் விளக்கு எந்தத் தேதியில் எரிந்தது, அதற்குப் பிறகு எவ்வளவு தூரம் ஓட்டினீர்கள், ஆயில் அளவு அப்போது எங்கே நின்றது எல்லாவற்றையும் நீங்களே தட்டச்சு செய்து கொடுத்து, அதைக் கார்டோடு இணைக்கச் சொல்லுங்கள். சத்தத்தைக் கைப்பேசியில் பிடித்த காணொளி இருந்தால் மின்னஞ்சலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் பேசியதெல்லாம் அந்த அட்வைசர் வேலையை விட்டுப் போன அன்றே காணாமல் போய்விடும். இந்தத் தொழிலில் ஆள் அடிக்கடி மாறும்.

சத்தம் கேட்ட பிறகும் ஓட்டினீர்களா என்பதைக் கட்டாயம் கேட்பார்கள், அது நியாயமான கேள்வியும்கூட. ஆயில் விளக்கு எரிந்த பிறகும் ஓட்டினால், முதலில் ஒரு பேரிங்கோடு முடிந்திருக்க வேண்டியது கிராங்க் ஷாஃப்ட், அதாவது எஞ்சினின் முக்கியச் சுழல்தண்டு வரை போய்விடும். இப்போது கார் வீட்டில் இருந்தால் ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். பிளாட்ஃபார்ம் லாரியில் ஏற்றி அனுப்புங்கள், அந்த ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். சேதம் பெரிதாகாமல் இருக்க நீங்கள் உங்கள் பங்கைச் செய்தீர்கள் என்பதற்கு அந்த ஒரு தாள் சாட்சி. ஏற்றுவதற்கு முன் மீட்டரையும் ஆயில் குச்சியையும் படம் எடுத்துவிடுங்கள். சில புது மாடல்களில் குச்சியே கிடையாது, திரையில் காட்டும் அளவைத்தான் எடுக்க முடியும்.

சரி, அந்தக் கையெழுத்து. பிரிப்பதற்கு முன் உங்கள் ஒப்புதல் கேட்பது தவறில்லை. உள்ளே பார்க்காமல் யாரும் எஞ்சின் தரப்போவதில்லை. சிக்கல், 'வாரன்டியில் வராவிட்டால்' என்ற அந்த வாசகத்தில் இருக்கிறது. வராது என்று யார் சொன்னால் வராது, எந்தக் காரணத்தால் வராது என்று அதில் ஒன்றுமில்லை. அதனால் கையெழுத்துக்கு மேலே சில வரிகளைச் சேர்க்கச் சொல்லுங்கள். பிரிக்கும் கூலிக்கு இவ்வளவு வெள்ளி (ரிங்கிட்) என்று ஒரு உச்சவரம்பு. மறுப்பதானால் எந்தப் பாகம் முதலில் பழுதானது, அதற்கு என்ன காரணம், வாரன்டிப் புத்தகத்தின் எந்த விதியின் கீழ் மறுக்கிறார்கள் என்று எழுத்தில் தர வேண்டும். கழற்றிய எல்லா பாகங்களையும், ஆயில் ஃபில்டரையும், வடித்த ஆயிலில் ஒரு போத்தலையும் முடிவு தெரியும்வரை வீசக்கூடாது. எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியைத் திறக்கும்போது நீங்களோ உங்கள் ஆளோ பக்கத்தில் இருக்கலாம். இதைக் கேட்டு எந்த நல்ல ஒர்க்‌ஷாப்பும் கோபப்படாது. கோபப்பட்டால் அதுவே உங்களுக்கு ஒரு தகவல்.

பாகங்களை வைத்திருக்கச் சொல்வதை இலேசாக எடுக்காதீர்கள். பழுதான பேரிங் ஓடு எங்கே என்று கேட்டால் 'ஸ்கிராப்பில் போட்டாச்சு' என்று பதில் வந்த பிறகு, எவ்வளவு பெரிய நிபுணரைக் கூட்டி வந்தாலும் அவர் பார்க்க ஒன்றும் இருக்காது.

முழுதாகப் பிரிப்பதற்கு முன்பே நிறைய தெரிந்துவிடும். ஆயில் ஃபில்டரை எடுத்து, உள்ளே இருக்கும் மடிப்புத்தாளை அறுத்து வெள்ளைத் தட்டில் விரிப்பார்கள். விளக்கை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால் மடிப்புகளுக்குள் மினுங்கும். காந்தத்தைக் காட்டும்போது ஒட்டிக்கொண்டால் இரும்பு: கிராங்க், கேம், சிலிண்டர் சுவர் பக்கம் தேய்மானம். ஒட்டாமல் செம்பு நிறத்தில் மினுங்கினால் பேரிங், வெள்ளையாக இருந்தால் அலுமினியம், அநேகமாக பிஸ்டன் பக்கம். ஆயிலைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினால் இதே கதையை எண்ணிக்கையாகச் சொல்வார்கள். கூடவே பெட்ரோல் கலந்திருக்கிறதா, சிலிக்கான் ஏறியிருக்கிறதா என்பதும் வரும். சிலிக்கான் என்றால் ஒன்று ஏர் ஃபில்டரைத் தாண்டி வந்த தூசு, இல்லாவிட்டால் தொழிற்சாலையில் ஆயில் தொட்டியை ஒட்டப் பூசிய சீலன்ட். செலவு பெரிதில்லை, நீங்களே தனியாக ஒரு மாதிரி அனுப்பலாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அனுப்புவேன்.

பிரித்த பிறகு பார்க்க வேண்டியது, பேரிங் ஓடுகள் எல்லாமா, ஒன்று மட்டுமா என்பது. நான்கு சிலிண்டரிலும் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் ஓடுகளையும் வரிசையாக வைத்தால் மூன்று நல்ல சாம்பல் நிறத்தில் வழவழப்பாக இருந்து, ஒன்று மட்டும் மேல்பூச்சு போய்ச் செம்பு தெரிகிறது, அந்த ராடின் அடிப்பகுதி வெந்து நீலமாகியிருக்கிறது என்றால், அந்த ஒரு இடத்தில் ஏதோ பிசகு என்று வாதாட உங்களுக்கு வழி கிடைக்கிறது. தொழிற்சாலையில் விட்ட இடைவெளி, போல்ட் முறுக்கு, துளையில் சிக்கிய துணுக்கு, இப்படி. எல்லாமே ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் ஆயில் பக்கம் திரும்புவார்கள்: குறைந்துபோனதா, காலம் கடந்ததா, அழுத்தம் வரவில்லையா. அழுத்தம் வரவில்லை என்றால் ஆயில் பம்பையும் உறிஞ்சும் குழாயின் வலையையும் படம் எடுக்கச் சொல்லுங்கள். வலை அடைத்திருந்தால், எதனால் அடைத்தது என்பதே உங்கள் வழக்கு.

இனி செபாங் கேள்வி. மறைக்க வேண்டாம், ஆனால் கேட்டதற்கு மேல் சொல்லவும் வேண்டாம். முதலில் உங்கள் வாரன்டிப் புத்தகத்தைத் திறந்து, விலக்குகள் பகுதியில் எந்தச் சொல் இருக்கிறது என்று பாருங்கள். 'போட்டி', 'பந்தயம்' என்று மட்டும் இருந்தால் ஒருநாள் ட்ராக் டே (தடத்தில் அவரவர் காரை ஓட்டிப் பார்க்கும் நாள்) பந்தயம் ஆகாது என்று வாதிடலாம். நேரம் குறிக்காத, பரிசு இல்லாத நாளாக இருந்தால் அந்த வாதம் இன்னும் வலுக்கும். 'பந்தயத் தடத்தில் எவ்விதப் பயன்பாடும்' என்று இருந்தால் கொஞ்சம் கஷ்டம். அப்போதும், அந்த ஒருநாள் ஓட்டத்துக்கும் இந்தப் பழுதுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்க வேண்டும். செபாங்கின் நீளமான வேக வளைவுகளில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும் என்பது உண்மை. அதனால் பேரிங் காய்ந்தது என்று அவர்கள் சொல்லலாம். ஆனால் நீங்கள் போய் வந்து எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஆகிவிட்டது, அதற்குப் பிறகு அவர்களே சர்வீஸ் செய்து 'எல்லாம் நலம்' என்று டிக் போட்டார்களா? அந்தத் தாளைத் தேடி எடுங்கள்.

இதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் 2022ல் ஒரு டொயோட்டா ஜி.ஆர்.86 எஞ்சின் போய்விட்டது. ஆயில் தொட்டிக்குள் சீலன்ட் துணுக்குகள் கிடந்தன. அந்தக் கார் டிரிஃப்ட் செய்வதுபோல், அதாவது பக்கவாட்டில் சறுக்கி ஓடுவதுபோல், இணையத்தில் இருந்த ஒரு படத்தைக் காட்டி வாரன்டி மறுக்கப்பட்டது. அந்தக் காரை வாங்குபவர்களுக்கு ட்ராக்கில் ஓட்டும் அமைப்பு ஒன்றின் ஓராண்டு உறுப்பினர் தகுதியை நிறுவனமே கொடுத்து வந்த நேரம் அது. விஷயம் ஊரெல்லாம் பரவிய பிறகு நிறுவனம் செலவை ஏற்றுக்கொண்டது. இதிலிருந்து உங்களுக்கு இரண்டு விஷயம். ஒன்று, முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் நீங்கள் போட்ட படங்களைக் கோப்பு தயாரிக்கிறவர் பார்ப்பார். நாங்களும் பார்த்திருக்கிறோம். இரண்டு, படம் என்பது காரணம் ஆகாது. பழுதுக்கான காரணத்தை எஞ்சினுக்குள்தான் காட்ட வேண்டும்.

காரின் கணினியும் சாட்சி சொல்லும். மேனுவல் கியர் காராக இருந்தால் அதிக சுழற்சிப் பதிவைத்தான், அதாவது எஞ்சின் வரம்பு மீறிச் சுழன்றதன் பதிவைத்தான், முதலில் எடுப்பார்கள். போர்ஷே கார்களில் இது 6 படிகளாக, எஞ்சின் ஓடிய எந்த மணி நேரத்தில் நடந்தது என்ற குறிப்போடு பதிவாகும். ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் சுழற்சி வரம்பைத் தாண்டாமல் லிமிட்டர் வெட்டிவிடும், அதில் வரும் சின்னப் பதிவுகளுக்குப் பயப்பட வேண்டாம். ஐந்தாவதுக்குப் பதில் மூன்றாவது கியரில் தவறிப் போட்டுவிட்டால் சக்கரம் எஞ்சினைச் சுழற்றும், அதை எந்த லிமிட்டரும் தடுக்காது. மேல் படிகளில் வருவது அந்த மாதிரிப் பதிவு. அது இருந்தால், அதுவும் பழுதுக்குக் கொஞ்ச மணி நேரம் முன்புதான் என்றால், மறுப்பை உடைப்பது சிரமம். உங்களுடையது ஆட்டோ கியர் என்றால் இந்தக் கவலையே இல்லை, கணினி அப்படி இறக்க விடாது. எப்படியிருந்தாலும் அந்தப் பதிவின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.

ரீமேப், அதாவது சக்தி கூட்ட எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றுவது, செய்திருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. செய்திருந்தால், கார் அனுப்புவதற்கு முன் பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றி மறைத்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். நம்பாதீர்கள். எத்தனை முறை எழுதப்பட்டது என்பதைப் பல கணினிகள் கணக்கு வைக்கின்றன. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தில் மென்பொருள் மாறியிருப்பது தெரிந்தால் அந்தக் காரின் பெயரில் டி.டி.1 என்ற குறி விழுந்துவிடும், அப்புறம் எந்தக் கிளைக்குப் போனாலும் அது தெரியும். பூஸ்ட் (டர்போவின் காற்றழுத்தம்) ஏற்றிய எஞ்சினில் பிஸ்டன் உடைந்தால் எனக்கு உங்கள் பக்கம் பேச வாய் வராது. எக்ஸாஸ்ட்டின் பின்பகுதியை மட்டும் மாற்றியவருக்கு ராட் பேரிங் போனால் அது வேறு கதை.

நம் ஊருக்கே உரிய இரண்டு சந்தேகங்களும் கோப்பில் வரும். ஒன்று தண்ணீர். கிள்ளான் பள்ளத்தாக்குப் பக்கம் திடீர் வெள்ளம் வருவதும், கார்கள் அதில் இறங்குவதும் எல்லோருக்கும் தெரியும். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் பக்கம் மூழ்கிய கார்களைப் பார்த்த எந்த ஒர்க்‌ஷாப்பும் வளைந்த கனெக்டிங் ராடைக் கண்டால் முதலில் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து தண்ணீர்க் கறை தேடும். தண்ணீர் குடித்த எஞ்சின் வாரன்டியில் வராது, இன்சூரன்சில் வெள்ளத்துக்கான கூடுதல் பாதுகாப்பு எடுத்திருந்தால் அங்கே போகலாம். இரண்டாவது பெட்ரோல். புத்தகத்தில் ரோன் 97 (பெட்ரோலின் ஆக்டேன் தரம்) என்று போட்டிருக்கும் காருக்கு 95 ஊற்றினால் நாக் பதிவுகள், அதாவது பெட்ரோல் நேரம் தப்பி வெடித்ததன் பதிவுகள், ஏறும். அட்டை வழியாகப் பெட்ரோல் போட்டிருந்தால் வங்கிக் கணக்கில் தொகை இருக்கும், நிலையத்தின் செயலியில் வகையே இருக்கும். அதை எடுத்து வையுங்கள், கேட்டால் கொடுக்கலாம்.

சர்வீஸ் வரலாறு பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. நேரத்துக்குச் செய்தீர்கள் என்றால் பலம். ஒருமுறை ஒரு மாதம் தள்ளிப் போயிருந்தால் அதைக் காரணம் காட்டி முழு எஞ்சினையும் மறுப்பது மிகையானது, எழுத்தில் எதிர்த்துக் கேளுங்கள்.

இன்னொரு வேலை, இது ஏற்கெனவே அறியப்பட்ட குறையா என்று தேடுவது. ஒர்க்‌ஷாப்களுக்கு நிறுவனம் அனுப்பும் தொழில்நுட்பச் சுற்றறிக்கைகள் இருக்கும். வெளிநாட்டில் அதே எஞ்சினுக்குத் திரும்பப் பெறும் அறிவிப்போ நீட்டித்த வாரன்டியோ இருக்கிறதா பாருங்கள். இது நடக்காத விஷயமில்லை. 2014ல் போர்ஷே 911 ஜி.டி.3 கார்கள் இரண்டு எரிந்தபோது, கனெக்டிங் ராடில் திருகு தளர்ந்ததுதான் காரணம் என்று கண்டு, அந்த ஆண்டு மாடலில் 785 கார்களுக்கும் எஞ்சினையே மாற்றினார்கள். ஓட்டியவர் ட்ராக் போனாரா என்று யாரும் கேட்கவில்லை. மாஸ்டா ஆர்.எக்ஸ்.8ன் சுழல் எஞ்சினில் கம்ப்ரெஷன் குறைகிறது என்று அமெரிக்காவில் எஞ்சின் வாரன்டியை 8 வருடம் அல்லது 100,000 மைல் என்று நீட்டினார்கள். ஃபோர்டு ஃபோக்கஸ் ஆர்.எஸ். காரில் தவறான ஹெட் கேஸ்கெட் போட்டுவிட்டதை ஒப்புக்கொண்டு 2018ல் மாற்றித் தந்தார்கள். வெளிநாட்டு அறிவிப்பு இங்கே தானாகச் செல்லாது. ஆனால் அதே எஞ்சின் குறியீடு, அதே அறிகுறி என்று காட்டி மின்னஞ்சல் எழுதினால், 'ஓட்டுநரின் தவறு' என்று எழுதுவதற்கு முன் இரண்டு முறை யோசிப்பார்கள்.

முழு எஞ்சின் தருவார்களா, பழுது மட்டும் பார்ப்பார்களா? பெரும்பாலான வாரன்டிகளில் எது என்று முடிவு செய்யும் உரிமை நிறுவனத்துடையது. ஒரு பேரிங்கும் கிராங்கும் மட்டும் என்றால் ஷார்ட் பிளாக், அதாவது பிளாக், கிராங்க், பிஸ்டன் சேர்ந்த அடிப்பாகம் வரும். உங்கள் பழைய சிலிண்டர் ஹெட்டைக் கழுவி அதன் மேல் வைப்பார்கள். லாங் பிளாக் என்றால் ஹெட்டும் புதிது. நான் லாங் பிளாக் கேட்கச் சொல்வேன், ஏனென்றால் உங்கள் ஆயில் விளக்கு எரிந்தது. அழுத்தம் விழுந்த நேரத்தில் கேம் ஷாஃப்ட்டும் காய்ந்திருக்கும்.

எது வந்தாலும் ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: ஆயில் கூலர். பேரிங் உடைந்த எஞ்சினின் துகள்கள் ஆயிலோடு கூலரின் நுண்ணிய குழாய்களுக்குள் போய்த் தங்கிவிடும். எவ்வளவு கழுவினாலும் முழுதாக வராது. புது எஞ்சினைப் போட்டுப் பழைய கூலரை மாட்டினால் அந்தத் துகள் மெதுவாக இறங்கி வந்து புதுப் பேரிங்கையும் தின்னும். பிணம் கிடந்த கிணற்றில் வாளியை மட்டும் மாற்றி இறைப்பது போலத்தான் அது. கூலரோடு ஆயில் குழாய்கள், உங்கள் காருக்கு டர்போ இருப்பதால் அதன் ஆயில் வழி, முடிந்தால் டர்போவே. டர்போவின் தண்டு இந்த ஆயிலில்தான் மிதந்து சுற்றுகிறது. அதை ஒப்புதல் கோப்பிலேயே சேர்க்கச் சொல்ல வேண்டும். எஞ்சின் வந்து இறங்கிய பிறகு கேட்டால் 'அதற்குத் தனி அப்ரூவல்' என்று இன்னும் பல வாரம் இழுக்கும்.

புது எஞ்சினுக்கு எவ்வளவு காலம் வாரன்டி என்பதையும் எழுத்தில் கேளுங்கள். பொதுவாக, வாரன்டியில் மாறிய பாகத்துக்குக் காரின் மீதி வாரன்டிக் காலம்தான். உங்களுக்கு மீதி ஒன்றரை வருடம். கார் ஒர்க்‌ஷாப்பில் கிடந்த மாதங்களைச் சேர்த்து நீட்டித் தரச் சொல்லிக் கேட்கலாம். கட்டாயம் இல்லை, கேட்டால் தருகிறவர்கள் உண்டு. மாற்றுக் கார் கேட்பதும் அப்படித்தான்.

இனி மறுத்துவிட்டார்கள் என்றே வைப்போம். வாரன்டிப் புத்தகம் நிறுவனம் தானாகக் கொடுக்கும் வாக்கு. அதற்குக் கீழே நாட்டின் சட்டம் ஒன்று இருக்கிறது, 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். விற்ற பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பது அதில் உள்ள உத்தரவாதம். தரம் என்பதற்குள் நீடித்து உழைப்பதும் அடங்கும். இதை எந்த ஒப்பந்தத்திலும் எழுதி விலக்க முடியாது. சரிசெய்யக்கூடிய குறை என்றால் நியாயமான காலத்துக்குள் விற்றவர் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் வேறிடத்தில் சரிசெய்து அந்தச் செலவைக் கேட்கலாம். பெரிய குறை என்றால் பொருளையே திருப்பிக் கொடுக்கவும் சட்டம் வழி வைத்திருக்கிறது. ஆனால் மூன்றரை வருடம் ஓட்டிய காரைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றால் எடுபடாது, எஞ்சினை மட்டும் கேளுங்கள். தயாரிப்பாளர் மேலும் தனியாக உரிமை உண்டு. கார் உங்கள் நிறுவனத்தின் பெயரில் எடுத்திருந்தால் நீங்கள் 'பயனீட்டாளர்'தானா என்றே வாதம் வரும், அதைக் கவனத்தில் வையுங்கள்.

பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனுச் செய்யக் கட்டணம் 5 வெள்ளிதான். வழக்கறிஞர் தேவையில்லை, பொதுவாக அனுமதியும் இல்லை. கோரிக்கை உருவான நாளிலிருந்து 3 வருடத்துக்குள் போக வேண்டும். தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாமல் விடுவது குற்றம். நல்ல இடம். ஆனால் உங்களுக்கு ஒரு தடை இருக்கிறது: 2019 திருத்தத்துக்குப் பிறகும் அதன் உச்சவரம்பு 50,000 வெள்ளி. உங்கள் மாதிரி காரின் எஞ்சின், டர்போ, கூலர், கூலி எல்லாம் கூட்டினால் அதைத் தாண்டிவிடலாம். ஒரே கோரிக்கையை இரண்டாகப் பிரித்துப் போட முடியாது. மேலதிகத் தொகையை விட்டுக்கொடுத்து 50,000க்குள் கேட்கலாம். முதலில் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். 62,000 வந்தால் 12,000ஐ விட்டுவிட்டு நடுவர் மன்றம் போவதுதான் புத்திசாலித்தனம் என்பேன். ஒரு லட்சத்தைத் தொட்டால் ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்துப் பக்கம் போகத்தான் வேண்டும். மாஜிஸ்திரேட் நீதிமன்றம் 100,000 வெள்ளி வரை, செஷன்ஸ் நீதிமன்றம் 10 லட்சம் வரை விசாரிக்கும். அங்கே சுயேச்சையான பொறியாளரின் அறிக்கை இல்லாமல் போகாதீர்கள். போத்தலில் வைத்த ஆயிலும், வீசாமல் வைத்த பேரிங்கும் அப்போது உதவும்.

அதற்கு முன் ஒரு படி இருக்கிறது. பினாங்கில் இருப்பவர்கள் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம், தமிழிலேயே பேசலாம். 1969லிருந்து இயங்குகிறார்கள். உள்நாட்டு வாணிப அமைச்சிலும் புகார் பதியலாம். புகாரின் நகல் விநியோகஸ்தரின் தலைமை அலுவலகத்துக்குப் போனதும், கிளை மறுத்ததை 'மறுபரிசீலனை' என்று எடுப்பதை நான் உள்ளிருந்தே பார்த்திருக்கிறேன். அப்படி வரும்போது முழுவதும் தராமல், 'பாகம் எங்களுடையது, கூலி உங்களுடையது' என்று ஒரு பேரம் வைப்பார்கள். வாரன்டி முடிந்த கார் என்றால் அது நல்ல பேரம், வாங்கிக்கொள்ளலாம். உங்களுக்கு வாரன்டி இருக்கிறது, முதல் பேரத்துக்கே தலையாட்ட வேண்டாம்.

கோபத்தில் பேங்க் தவணையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். வாடகைக் கொள்முதல் சட்டத்தில் அடுத்தடுத்து இரண்டு தவணை தவறினால், 21 நாள் நோட்டீஸ் கொடுத்துக் காரை இழுக்க அவர்களுக்கு வழி உண்டு. எஞ்சின் சண்டை விற்றவரோடு, கடன் பேங்கோடு.

இதைப் படிக்கும் ரீக்கோன் கார், அதாவது வெளிநாட்டில் ஓடிய பிறகு இங்கே வந்த கார், வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜப்பானிலிருந்தோ இங்கிலாந்திலிருந்தோ ஏ.பி. எனும் இறக்குமதி அனுமதியில் வந்த கார் என்றால், இங்கேயுள்ள விநியோகஸ்தர் அதற்குப் பொறுப்பேற்கக் கடமைப்பட்டவர் அல்ல. டீலர் கொடுத்த வாரன்டி அட்டை வேறொரு நிறுவனத்தினுடையதாக இருக்கும். அதில் ஒரு கோரிக்கைக்கு இவ்வளவுதான் என்று சிறிய எழுத்தில் ஒரு தொகை இருக்கும், எஞ்சின் விலையில் கால்வாசிகூட வராது. அதற்கு மேல் நீங்கள் கேட்க வேண்டியது விற்ற டீலரிடம்.

கடைசியாக, எஞ்சின் வந்துவிட்டால். புது எஞ்சினுக்குப் புது எண். உங்கள் வாகனப் பதிவில் பழைய எண்தான் இருக்கிறது. ஒர்க்‌ஷாப் 'நீங்கள் எடுத்துக்கொண்டு போங்கள், அப்புறம் பார்க்கலாம்' என்றால் கேட்காதீர்கள். வாகனப் பரிசோதனை, ஜே.பி.ஜே. எனும் சாலைப் போக்குவரத்துத் துறையில் எண் மாற்றம் இரண்டும் முடிந்த பிறகே காரை எடுங்கள். கார் கடனில் இருப்பதால் பேங்கின் கடிதம் தேவைப்படலாம், அதையும் முன்கூட்டிக் கேளுங்கள். அப்புறம் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குப் புது எண்ணைத் தெரிவியுங்கள். எண் பொருந்தாத கார் விபத்தில் சிக்கினால் அது புதுத் தலைவலி. பழகும் காலத்தில் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் வரை எவ்வளவு ஆர்.பி.எம். தாண்டக்கூடாது என்று புத்தகத்தில் இருக்கும், அதன்படி ஓட்டுங்கள். முதல் ஆயில் மாற்றத்தை அவர்களிடமே செய்து, அந்த ஃபில்டரையும் அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

காரை விற்கலாமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். இப்போது, இந்தச் சத்தத்தோடு, விற்காதீர்கள். எஞ்சின் மாறிய பிறகு விற்பதானால் ஜாப் கார்டு, ஒப்புதல் கடிதம், எண் மாற்றிய பதிவு எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். காரணம் எழுத்தில் இல்லாமல் எண் மட்டும் மாறியிருந்தால் வாங்குபவர் 'மோதின காரா, வெள்ளத்தில் போன காரா' என்று விலையைக் குறைப்பார். தொழிற்சாலை எஞ்சின், அங்கீகரிக்கப்பட்ட ஒர்க்‌ஷாப், வாரன்டியில் மாறியது என்று தாள் காட்டினால் பெரும்பாலும் பேரம் பேச அவருக்கு அந்த வழி இருக்காது.